முகம் நிலுவை

சலவைக்கூடத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பம். அதன் தலையில் ஒரு சின்னத் திரை. அதற்கு முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற கணக்கும் அதனுடையதுதான். அங்கே எல்லாரும் அதற்கு வைத்திருந்த பெயர் மாமியார்.

"வாசல்லயே நின்னுக்கிட்டு மேலயும் கீழயும் பாக்குது. எத்தனை தடவை பாத்தாலும் சந்தேகம் தீரல. பிடிக்கலேன்னா காரணமும் சொல்லாது. வேற என்ன பேரு வைக்கிறது?" என்பாள் ரேடியோ அக்கா.

ரேடியோ அக்கா என்பது ஓயாத வாயால் அவளுக்கு வந்த பெயர். ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற விரிப்புகளை வெளுத்து, பிழிந்து, சூடான உருளைக்கு அடியில் விட்டு எடுத்ததும், எதிரெதிரே இரண்டு பேர் நின்று மடிக்க வேண்டும். என் அக்காவுக்கு எதிரே நின்று மடித்தவள் அவள். இவள் பேச, அக்கா கேட்க, விரிப்பு மடிந்துகொண்டே போகும்.

அக்காவுக்கு அங்கே டீச்சர் என்று பெயர். ஓரத்தோடு ஓரம் சேராத மடிப்பைக் கண்டால் பிரித்து உதறிவிட்டு, "மறுபடி" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பெயர் பிறகு எனக்கு வந்து சேர்ந்தது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவளை ஒரு கூடமே டீச்சர் என்று கூப்பிட்டது. முதல் சில நாட்கள் கூசியது. பிறகு திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா போனதும் அக்கா வீட்டுக்கு வந்தேன். அத்தான் நெடுந்தூரம் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் அவர் செருப்பு இருக்கும் நாட்களைவிட இல்லாத நாட்கள் அதிகம். பத்தாவதைத் தனியாக எழுதிவிடலாம் என்று அக்கா சொல்லி, பழைய புத்தகங்கள்கூட வாங்கி வைத்திருந்தாள். அப்போதுதான் அவளுக்குப் பிள்ளை உண்டானது. ஏற்கெனவே ஒன்று தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை படுக்கையை விட்டு எழுந்தாலே ஆபத்து என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குப் பேறுகால விடுப்பு கிடையாது. நின்றால் நின்றதுதான். அந்த வருஷம்தான் பழைய ஆட்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அக்கா இரண்டு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மூன்றாவது நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"நீ போய் நில்லு."

"எங்கக்கா?"

"மாமியார் முன்னாடி."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: உரிச்சு வெச்ச மாதிரி இருக்கீங்க. ஆறு வயது வித்தியாசம் இருந்தும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் மனிதர்கள் சொல்வதை அந்தத் திரை கேட்கவா போகிறது?

"உள்ள வேலை பழகிடலாம். வாசல்தான் கஷ்டம்," என்றாள் அக்கா. "என் மூஞ்சிய அதுல ஏத்துன அன்னிக்கு ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு நின்னேன். வரிசையா நிக்க வெச்சு எடுத்தாங்க. எடுக்கலாமான்னு யாரும் கேக்கல. எடுக்காதவங்களுக்குக் கதவு திறக்காதுன்னு மட்டும் சொன்னாங்க. தலைகூட வாரல நான். அந்த மூஞ்சிதான் உனக்கு வேணும்."

படுத்தபடியே எனக்குப் பாடம் எடுத்தாள். தாடையைக் கொஞ்சம் இறக்கு. உதட்டை மடக்காதே, ஆனால் இறுக்கு. வலது புருவம் என்னுடையது கொஞ்சம் தாழ்ந்திருக்கும், பார்.

"இப்ப தூக்கம் வர்ற மாதிரி பாரு."

பார்த்தேன்.

"இது தூக்கம் வர்ற மூஞ்சி. எனக்கு வேண்டியது தூங்கவே விடாத மூஞ்சி."

அந்த வித்தியாசம் அன்று எனக்குப் புரியவில்லை. அன்று நடித்தேன். பிறகு நடிக்கத் தேவை இருக்கவில்லை.

முதல் நாள் ரேடியோ அக்கா எனக்குப் பின்னால் நின்றாள். திரையில் சிவப்பு விளக்கு. "அடையாளம் தெரியவில்லை. மீண்டும் முயலவும்," என்றது ஒரு பெண் குரல். மறுபடி சிவப்பு. வாட்ச்மேன் அண்ணன் தன் செருப்பின் வாரை ரொம்ப நேரம் சரிசெய்துகொண்டிருந்தார். மூன்றாம் தடவை பயத்தில் என் முகம் தானாகவே இறுகியிருக்க வேண்டும். பச்சை எரிந்தது. "நன்றி," என்றது.

"மருமகள ஏத்துக்கிட்டா," என்று ரேடியோ அக்கா என் முதுகில் தட்டினாள்.

சூப்பர்வைசர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அவருக்கு மடிக்கக் கை வேண்டும். "டீச்சர் ரொம்ப இளைச்சிட்டீங்களே," என்று மட்டும் சொல்லி, ஒரு தள்ளுவண்டி விரிப்பை என் பக்கம் தள்ளிவிட்டார்.

வேலை உடம்பில் ஏற நாள் பிடித்தது. உருளையிலிருந்து வரும் விரிப்பின் சூட்டில் விரல் நுனி முதலில் சிவந்தது, பிறகு உணர்ச்சியில்லாமல் போனது. ஆவியில் முகம் எப்போதும் நனைந்திருந்தது. நான் செய்த தப்பு எப்போதும் ஒரே தப்பு. முதல் மடிப்பில் என் ஓரம் ஒரு விரல் அளவு விலகும். கண்ணுக்குத் தெரியாது. அடுத்த மடிப்பில் இன்னொரு விரல். எட்டாக மடித்து அடுக்கில் வைத்தால் விரிப்பு கோணிக்கொண்டு நிற்கும். எங்கே கோணியது என்று யாராலும் சொல்ல முடியாது.

"உங்க அக்கா பாத்தா தோல உரிச்சிடுவா," என்பாள் ரேடியோ அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "ஏற்கெனவே உரிச்சுதான் வெச்சிருக்கா. கையை மட்டும் உரிக்க மறந்துட்டா போல," என்பாள்.

மாதங்கள் போயின. மாமியார் முன்னால் மூன்று தடவை நின்றது இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. கடைசியில் நடந்து வரும்போதே பச்சை எரிந்தது. நான் அதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாப்பா நல்லபடியாகப் பிறந்தாள். அக்கா முகத்தில் சதை வந்திருந்தது. அம்மா போன பிறகு அவள் அத்தனை நாள் தொடர்ந்து படுத்தது அதுதான் முதல் தடவை. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போய்விட்டது. கன்னம் நிறைந்து, புருவம் ஏறி, யாரோ ஒரு நல்ல வீட்டுப் பெண்ணைப் போல இருந்தாள். பாப்பாவோடு பகலில் அவள் தூங்குவாள். நான் வேலை முடித்து வந்து பாப்பாவை வாங்கிக்கொள்வேன்.

"மாசக் கடைசியில உன் பரீட்சைக்குப் பதியிற கடைசி நாள். அதுக்குள்ள நான் வேலைக்குத் திரும்பிடணும். நீ வீட்ல பாப்பாவப் பாத்துக்கிட்டே படி," என்றாள் அக்கா. பெட்டிக்கு அடியிலிருந்து என் புத்தகங்களை எடுத்துத் துடைத்து வைத்தாள். அன்று ராத்திரி அவற்றில் ஒன்றைத் திறந்தேன். முதல் பக்கத்தின் நடுவிலேயே தூங்கிவிட்டேன்.

அக்கா திரும்பி வந்த நாளில் நானும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனேன். அவள் தலை வாரி, முகம் கழுவி, பளிச்சென்று வந்திருந்தாள். ரேடியோ அக்கா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "பழைய டீச்சர் வந்தாச்சு! ஐயோ, எப்படி மினுக்குறா பாருங்கடி!"

அக்கா மாமியார் முன்னால் போய் நின்றாள்.

சிவப்பு.

"தாடையை இறக்குக்கா," என்றேன்.

சிவப்பு. "அடையாளம் தெரியவில்லை. மீண்டும் முயலவும்."

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று அக்கா சிரித்தாள். கண்ணைச் சுருக்கினாள், உதட்டை இறுக்கினாள். மூன்றாம் தடவையும் சிவப்பு எரிந்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. பின்னால் வரிசை நீண்டுவிட்டது. வாட்ச்மேன் அண்ணன் மெதுவாக வந்து, "இன்னொரு தடவை சிவப்பு வந்தா ஆபீசுக்கு மணி அடிச்சிடும்மா," என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பாப்பா கை மாறினாள். நான் திரைக்கு முன்னால் போனேன். நிற்கக்கூட இல்லை.

"நன்றி," என்றது.

கதவு மூடும்போது திரும்பிப் பார்த்தேன். அக்கா பாப்பாவோடு வெயிலில் நின்றாள். தன் கன்னத்தை ஒரு கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் திரையைத் துடைத்துச் சரிபார்க்க ஒரு ஆள் வந்தார். ரேடியோ அக்கா அவரை விடவில்லை.

"ஏன் தம்பி, ஒருத்தங்க கொஞ்ச நாள் கழிச்சு வந்தா இதுக்கு ஏன் அடையாளம் தெரிய மாட்டேங்குது?"

"கொஞ்ச நாளா? வராம இருந்தா ஒண்ணும் ஆகாதேக்கா. முகம் அப்படியே இருக்கும்."

"வராமயும் இல்ல, வந்துட்டும் இல்ல. சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்."

அவர் துடைப்பதை நிறுத்தாமல் சொன்னார். "இது தானா கத்துக்கும்கா. மனுஷனுக்கு வயசாகுது, மெலியிறான், கண்ணாடி போடுறான். அதனால தினமும் பாக்குற முகத்தோட கொஞ்சம் கொஞ்சமா சேத்துப் புதுசாக்கிக்கும். அதான் போகப்போக சீக்கிரம் திறக்குது. பாக்கலையா நீங்க?"

"அப்ப பழைய முகம்?" என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

"பழசு எதுக்கு? மேல மேலதான் எழுதும்."

"இதெல்லாம் எங்க போய்ச் சேருது தம்பி? எங்க மூஞ்சியெல்லாம்?" என்றாள் ரேடியோ அக்கா.

"அது எனக்கும் தெரியாதுக்கா. நான் துடைக்கிற ஆளு," என்று அவர் துணியை உதறிப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மடிக்கும்போது ரேடியோ அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. அது அவளுக்கு உடம்பு சரியில்லாததைப் போலத் தெரிந்தது. கடைசியில், "அப்ப உள்ள இருக்கிற டீச்சர் நீதான். வெளிய இருக்கிறவ யாரு?" என்றாள்.

ஆபீசில் போய் முகத்தைப் புதிதாகப் பதியச் சொல்லலாம். ஆனால் அப்படிப் பதிகிறபோது ஆபீசில் தனியாக இருக்கும் பழைய வாசல் படங்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்ப்பார்கள் என்று வாட்ச்மேன் அண்ணன் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். பார்த்தால் தெரிந்துவிடும். அக்கா வேலையும் போகும், நிரந்தரமும் போகும்.

வீட்டில் அக்கா பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். "நீயே இரு," என்றாள். "என் பேருல நீயே இரு. நிரந்தரமானதும் நல்ல சம்பளம். நான் வீட்ல இருந்துக்கறேன்."

"பரீட்சை?"

அக்கா துடைத்து வைத்த புத்தகங்களைப் பார்த்தாள், பிறகு பாப்பாவைப் பார்த்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும். எனக்கு இருபத்து நான்கு வயது, கல்யாணம் ஆகிவிட்டது, ஒரு குழந்தை இருக்கிறது, இனிமேல் நிரந்தரம் என்று ஒரு தடவை அக்காவாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே முதுகு வலித்தது.

மறுநாள் ஒரு விரிப்பு என் கையில் கோணியது. வழக்கமான அந்த ஒரு விரல். ரேடியோ அக்கா, "மறுபடி," என்றாள், என் அக்கா குரலில். நான் பிரிக்காமல் நின்றேன்.

"என்னடி?"

"ஒரு விரல் விலகினா யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது. அதுக்கென்ன?"

"தினமும் ஒரு விரல்னா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த ஓரத்தைப் பார்த்தாள். "அடிப்பாவி," என்றாள்.

என்னை அது கொஞ்சம் கொஞ்சமாகத்தானே கற்றுக்கொண்டது? கொஞ்சம் கொஞ்சமாக அக்காவையும் கற்றுக்கொடுக்கலாம். நான் அக்காவின் இப்போதைய முகத்துக்குப் போக வேண்டும், தினமும் ஒரு விரல்.

அக்காவின் கன்னம் எனக்கு வர வழியில்லை. அதனால் வாசலுக்கு முன்னால் இருக்கும் குழாயில் தண்ணீரை வாயில் வாங்கிக்கொண்டேன். முதல் நாள் ஒரு சொட்டுதான். கன்னத்தின் உள்பக்கம் ஒதுக்கி, புருவத்தைக் கொஞ்சம் தூக்கி, தலையை அக்கா வாருகிற மாதிரி வாரிக்கொண்டு நின்றேன். பச்சை. மறுநாள் இன்னும் கொஞ்சம். ஒரு நாள் பேராசைப்பட்டு நிறைய வாங்கிவிட்டேன், சிவப்பு எரிந்தது. பாதியை விழுங்கிவிட்டு மறுபடி நின்றேன்.

வாயில் தண்ணீர் இருக்கும்போதுதான் உலகத்துக்கே என்னிடம் பேச வேண்டியிருந்தது. "என்னம்மா, பாப்பா நல்லாருக்கா?" என்பார் வாட்ச்மேன் அண்ணன். தலையை ஆட்டுவேன். "தடுப்பூசி போட்டாச்சா?" ஆட்டுவேன். "எந்த ஆஸ்பத்திரி?" நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். "டீச்சருக்கு இப்பல்லாம் நம்மகிட்ட பேச மனசில்ல," என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு காலை சூப்பர்வைசர் வாசலில் நின்றிருந்தார். நான் கன்னம் நிறைய வந்து நின்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீச்சர் நல்லா தேறிட்டீங்க. போன மாசம் காத்துல பறக்கிற மாதிரி இருந்தீங்க."

பின்னால் ரேடியோ அக்கா, "தண்ணி குடிச்சே ஒடம்பு வந்துடுச்சு சார்!" என்றாள்.

என்னால் முடியவில்லை. சிரிப்பு மூக்கு வழியாக வந்தது, தண்ணீர் வாய் வழியாக. மொத்தமும் திரைமேல். மாமியார் முகமெல்லாம் சொட்டச் சொட்ட நின்றது. பிறகு, "நன்றி," என்றது.

வரிசை முழுவதும் சிரித்தது. சூப்பர்வைசர் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் திரையைத் துடைத்தேன். சிரித்ததில் விலா வலித்தது. கடைசியாக அப்படி எப்போது சிரித்தேன் என்று யோசித்துக்கொண்டே அன்று முழுக்க மடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "இப்படிப் பாக்காதடி, பயமா இருக்கு," என்பாள். புருவம் எவ்வளவு ஏறியிருக்கிறது, உதடு எங்கே முடிகிறது என்று மனதில் வாங்கிக்கொள்வேன். முன்பு அவளுடைய களைப்பைக் கற்றேன். இப்போது அவளுடைய ஓய்வைக் கற்றேன். இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது. ஓய்வெடுத்த முகத்தோடு நிற்க, கால் கடுக்காமல் இருக்க வேண்டும்.

மாசக் கடைசி நெருங்கியபோது அக்கா மறுபடி வாசலுக்கு வந்தாள். இந்தத் தடவை யாரும் கட்டிப் பிடிக்கவில்லை. ரேடியோ அக்காகூட வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

சிவப்பு.

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். நான் பாப்பாவை இறுக்கிக்கொண்டேன்.

பச்சை. "நன்றி."

கதவு திறந்தது. அக்கா உள்ளே போனாள். கதவு மூடியது. நான் வெளியே இருந்தேன். துள்ளிக் குதிக்க வேண்டும் என்று நினைத்தேன். பாப்பாவோடு அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் அண்ணன் தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டு, நின்றுகொண்டார்.

கடைசி நாள் அக்காவின் வார விடுமுறையில் வந்தது. மூன்று பேரும் தேர்வு அலுவலகத்துக்குப் போனோம். நீளமான அறை, சுவரோரம் நாற்காலிகள், மூலையில் ஒரு மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அன்று பார்த்த எத்தனையாவது முகம் என்னுடையது என்று தெரியவில்லை, நிமிராமலே பேசினார். எல்லாவற்றையும் சரிபார்த்தார். பிறகு வளைகிற தண்டில் இருந்த கேமராவை என் பக்கம் திருப்பினார்.

"பள்ளிக்கூடத்துல எடுத்த போட்டோவோட ஒத்துப் பாக்கும். ஒத்துப்போனாதான் பதிவு ஏறும். நேரா பாரும்மா."

கணினியில் என் பழைய போட்டோ தெரிந்தது. ஒன்பதாவதில் எடுத்தது. படம் எடுத்தவருக்குப் பின்னால் நின்று என் தோழி ஏதோ சேட்டை செய்தாள். சிரிப்பை அடக்கியதில் கன்னம் இரண்டும் உருண்டு நின்றன. அவளைப் பார்த்தால் எனக்கு யாரோ ஒரு சின்னப் பெண்ணைப் பார்ப்பது போல இருந்தது.

"பொருந்தவில்லை," என்று திரையில் வந்தது.

"முகத்த அப்படி வெச்சுக்காதம்மா. இயல்பா இரு."

தாடையை இறக்கியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நிமிர்த்தினேன். புருவம் தானாக ஏறியது. பொருந்தவில்லை. புருவத்தை இறக்கினேன். உதடு இறுகியது.

"இயல்பா," என்றார் அவர் மறுபடி. "நீ வீட்ல எப்படி இருப்பியோ அப்படி."

வீட்டில் எப்படி இருப்பேன்? யோசித்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.

அவர் முதல் தடவையாக நிமிர்ந்தார். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் காதுமடலில் இருந்த மச்சத்தைப் பார்த்தார். அவருக்கும் கண்ணுக்குக் கீழே கருப்பு இருந்தது.

"நீதான்னு எனக்குத் தெரியுதும்மா," என்றார். "ஆனா எனக்குத் தெரியுறத எழுத இங்க கட்டம் இல்ல."

என் நெற்றியில் முடி விழுந்திருந்தது. அக்கா பாப்பாவை இடுப்பில் மாற்றிக்கொண்டு, அதை ஒதுக்கிவிடக் குனிந்தாள். அவள் முகம் என் முகத்துக்கும் கேமராவுக்கும் நடுவில் வந்தது.

டிங் என்று ஒரு சத்தம். பச்சைக் கட்டம்.

"பொருந்தியது."

பாப்பா தண்டைப் பிடிக்கக் கையை நீட்டினாள். கணினியில் போட்டோவுக்குப் பக்கத்தில் அக்காவின் முகம் நின்றது. நிறைந்த கன்னம், ஏறிய புருவம். உரித்து வைத்த மாதிரிதான் இருந்தது.

அவர் விரல் விசைமேல் இருந்தது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பதிவு ஏத்திடட்டுமா?" என்றார். "இன்னிக்குக் கடைசி நாள்."

அக்கா என் தோளை அழுத்தினாள். "சரின்னு சொல்லுடி," என்றாள் காதோடு. "நீ எனக்குத் தந்தேல்ல? இது நான் தர்றது."

எனக்குச் சரி என்று சொல்ல வாய் வந்தது. ஒரு தலையசைப்பு போதும். பரீட்சை மண்டபத்தின் வாசலிலும் ஒரு கம்பம் நிற்கும், அதற்கு முன்னால் அக்கா நிற்க வேண்டும். அக்கா அதற்குள் களைத்துப் போயிருப்பாள். அவள் முகத்துக்காக நான் வாயில் தண்ணீரோடு நிற்பேன். அதற்கப்புறம் வரும் வாசல்களில் எல்லாம் அப்படித்தான். நினைக்கும்போதே எனக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது. உட்கார்ந்துதான் இருந்தேன்.

"அழிச்சிடுங்க சார்," என்றேன்.

"என்னம்மா?"

"அது அக்கா. அழிச்சிடுங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். விரல் வேறு விசைக்குப் போனது. அக்காவின் முகம் மறைந்தது. நிறையத் தட்டினார், யாரையோ போனில் கூப்பிட்டுப் பேசினார், காத்திருந்தார், மறுபடி தட்டினார். பிறகு ஒரு சீட்டைக் கிழித்து என்னிடம் தந்தார். என் பெயர், பாடங்கள், அதற்குக் கீழே: முகம் நிலுவை.

"மத்ததெல்லாம் ஏறிடுச்சு. முகம் மட்டும் பாக்கி," என்றார். "அனுமதிச் சீட்டு தர்றதுக்கு முன்னாடி எப்ப வேணாலும் வந்து காட்டலாம். ஒத்துக்கலேன்னா எழுத விட மாட்டாங்க. அது என் கையில இல்ல." சீட்டை நான் வாங்கிய பிறகும் அவர் கை நீண்டபடியே இருந்தது. "கொஞ்சம் தூங்கி எழுந்து வாம்மா."

வெளியே வந்ததும் அக்கா என்னைத் திட்ட ஆரம்பித்தாள். பேருந்து நிறுத்தம்வரை திட்டினாள். உனக்கு எதற்கு இவ்வளவு வீம்பு, கையில் வந்ததை விடுவார்களா, வாயே திறக்காதவள் இதற்கா திறக்க வேண்டும். பேருந்து வரவில்லை. திட்டுவதற்கும் ஒன்றும் மிச்சமில்லை. என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தாள். கட்டைவிரலால் என் கண்ணுக்குக் கீழே தேய்த்தாள், அழுக்கைத் துடைப்பது போல. அது போகவில்லை.

"படிக்காட்டியும் பரவால்ல," என்றாள். "தூங்குடி."

மறுநாள் அவள் வேலைக்குப் போகும்போது பாப்பாவுக்குப் பால் கொடுத்து, தூங்கவைத்துவிட்டுப் போனாள். பாத்திரத்தைத் தொடக் கூடாது, துணியைத் தொடக் கூடாது, பாப்பா எழும்வரை நீயும் எழக் கூடாது என்று கட்டளை. ஜன்னலுக்குத் துணி போட்டு மறைத்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நான் படுத்தேன். கண்ணை மூடினேன். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். இந்நேரம் அங்கே உருளை சூடேறியிருக்கும், ரேடியோ அக்கா முதல் விரிப்பின் ஓரத்தை எடுத்து நீட்டியிருப்பாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்து பார்த்தபோது, போர்த்தியிருந்த துணியின் ஓரத்தை என் கை எடுத்து மறு ஓரத்தோடு சேர்த்து வைத்திருந்தது. நேராகவே சேர்ந்திருந்தது, ஒரு விரல்கூட விலகவில்லை. அதைப் பிரித்து உதறி மறுபடி போர்த்திக்கொண்டு, இரண்டு கைகளையும் முதுகுக்கு அடியில் வைத்துப் படுத்தேன்.